பழைய இரட்டை வேக மோட்டாரை விஎஃப்டியில் ஓட்டுவது: எந்த இணைப்பில்?

8 அக்டோபர் 2023, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த கேள்வி

அண்ணாச்சி, என் கடைசல் பட்டறைக்காக, மூடப்பட்ட ஓர் ஆலையின் ஏலத்தில் வந்த பழைய லேத் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், 2/3 எச்.பி., 710/1420 ஆர்.பி.எம்., 4.6/4.9 ஆம்பியர் என்று அடித்திருக்கிறது. முகப்பில் 0, 1, 2 என்று குறித்த சுவிட்ச் ஒன்று உண்டு. பட்டறையில் சிங்கிள் பேஸ் மட்டுமே இருக்கிறது. டிரைவ் விற்பவர், 240 வோல்ட் விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) போதும், மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் முழுச் சக்தியும் கிடைக்கும், வேக சுவிட்சை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். காயில் கட்டுபவரோ, இதைப் போட்டுவிட்டுப் புது மோட்டார் வாங்கிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

8 அக்டோபர், இரவு

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மோட்டாரைப் போட்டுவிடச் சொல்பவரே அதைச் செம்பு விலைக்கு எடுத்துக்கொள்வதையும் நம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த யோசனையை முதலில் ஒதுக்கி வைக்கலாம்.

விற்பவர் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண 3 எச்.பி. மோட்டாரில் ஆறு முனைகள் வெளியே வந்திருந்தால், 415 வோல்ட்டுக்கு ஸ்டாரிலும் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பது) 240 வோல்ட்டுக்கு டெல்டாவிலும் (மூன்றையும் முக்கோணமாகக் கோப்பது) கட்டுவது வழக்கம். அந்த மோட்டாருக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. உங்கள் மோட்டாரிலும் ஆறு முனைகள்தான் இருக்கும், ஆனால் அவை அந்த ஆறு முனைகள் அல்ல. 710-க்கு 1420 என்று வேகம் சரியாக இரு மடங்காக இருப்பதால், இது பெரும்பாலும் டாலண்டர் சுற்று, அதாவது சுவீடன் நாட்டு ராபர்ட் டாலண்டர் 1897-இல் கண்ட, ஒரே காயிலை எட்டு துருவமாகவும் நான்கு துருவமாகவும் மாற்றி இணைக்கும் முறை. இதில் டெல்டா என்பது குறைந்த வேகத்துக்கான இணைப்பு. அதற்கும் 415 வோல்ட்தான் தேவை. அதிக வேகத்துக்கு இரட்டை ஸ்டார், அதாவது இணையாக இரண்டு ஸ்டார்; அதற்கும் 415 வோல்ட்தான். 240 வோல்ட்டுக்கு என்று ஓர் இணைப்பு அந்தப் பெட்டிக்குள் இல்லை. டெல்டாவில் கட்டி 240 வோல்ட் டிரைவைக் கொடுத்தால், பாதி வேகத்தில், பாதிக்குச் சற்றே மேற்பட்ட வோல்ட்டில் மோட்டார் ஓடும். வாங்கிய டிரைவ் மட்டமானது என்று பழி அதன்மேல் போகும்.

9 அக்டோபர்

வேக சுவிட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரைவ் எரிவதற்கு இதுவே நேர்வழி.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே அந்த சுவிட்ச் இருக்கவே கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது 2-லிருந்து 1-க்குத் திருப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1420-இல் சுழலும் ரோட்டார், 750-ஐத் தன் ஒத்தியங்கு வேகமாக (காந்தப்புலம் சுழலும் வேகமாக) கொண்ட எட்டு துருவச் சுற்றுக்குள் திடீரென்று வந்து சேருகிறது. அந்தக் கணத்தில் அது மோட்டாராக இல்லாமல் ஜெனரேட்டராகி, சக்கிலும் (உருப்படியைக் கவ்வும் பிடி) அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலும் இருக்கும் ஆற்றலை டிரைவின் டிசி பக்கத்துக்குத் திருப்பித் தள்ளுகிறது. 1-லிருந்து 2-க்குத் திருப்பினாலோ, டிரைவ் ஏற்கெனவே 50 ஹெர்ட்ஸும் முழு வோல்ட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதால், அது ஸ்டார்ட்டர் இல்லாமல் நேரடியாக லைனில் போட்டதற்குச் சமம். ஆறு ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நல்ல டிரைவ் டிரிப் ஆகிவிடும். விலை குறைந்த டிரைவ் எப்போதும் டிரிப் ஆகும் என்று நம்பி அதன்முன் நிற்க நான் தயாரில்லை.

பழைய சுவிட்சின் கைப்பிடியை வீணாக்க வேண்டியதில்லை. அதை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோய், 1 என்றால் ஒரு முன்குறித்த வேகம், 2 என்றால் இன்னொரு முன்குறித்த வேகம் என்று அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய தொடுமுனைகள் 415 வோல்ட்டில் பொறி பறக்க வேலை செய்து பழகியவை; 24 வோல்ட், சில மில்லி ஆம்பியர் என்ற சன்னமான சிக்னலைக் கருத்த செம்பின் வழியே அவை ஒழுங்காகக் கடத்துவதில்லை. கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே சிறிய புது சுவிட்ச் வைப்பது நல்லது. முன்னும் பின்னும் ஓட்டும் டிரம் சுவிட்சுக்கும் இதே கதைதான்.

9 அக்டோபர், பின்சேர்க்கை

லேத்தில் கூலண்ட் பம்ப் இருந்தால் அதன் கம்பிகள் பெரும்பாலும் பிரதான மோட்டாரின் கான்டாக்டருக்குப் பின்னிருந்து கிளம்பியிருக்கும். அதை டிரைவின் வெளியீட்டில் தொங்கவிடாதீர்கள். மரக்கடைசலுக்கு அது தேவையும் இல்லை, கழற்றிவிடுங்கள்.

12 அக்டோபர்

முனைகளில் எழுத்து எதுவும் இல்லை, துணி சுற்றிய கம்பிகள் மட்டுமே இருக்கின்றன என்று கேள்வி கேட்ட அம்பாசமுத்திரத்துத் தம்பி எழுதியிருக்கிறார். எல்லா இணைப்பையும் கழற்றி, ஆறு முனைகளையும் தனித்தனியே பிரித்து, மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் மோட்டாரின் இனம் தெரிந்துவிடும்.

இரண்டிரண்டாக மூன்று ஜோடிகள் மட்டும் தொடர்பு காட்டினால் அது சாதாரண ஸ்டார்–டெல்டா மோட்டார். மூன்று மூன்றாக இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து, ஒரு கூட்டத்துக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லையென்றால், இரண்டு தனிச் சுற்றுகள் ஒரே ஸ்டேட்டரில் உட்கார்ந்திருக்கின்றன. 1420/940 போன்ற, இரு மடங்காக அமையாத வேகங்களுக்கு முன்பு இப்படித்தான் கட்டினார்கள். ஆறும் ஒன்றோடொன்று தொடர்பு காட்டினால் டாலண்டர்.

13 அக்டோபர்

தம்பி அளந்து எழுதிய எண்கள் அழகாக இருக்கின்றன. ஒவ்வொரு முனைக்கும் அடுத்த இரண்டு முனைகளோடு ஒரு மதிப்பு, அதற்கு அடுத்தவற்றோடு ஏறத்தாழ 1.6 மடங்கு, எதிரே உள்ளதோடு 1.8 மடங்கு. ஆறு மணிகளைக் கோத்த வளையம்போல ஆறு அரைக்காயில்கள் வட்டமாக இணைந்திருந்தால் கணக்குப்படி வரவேண்டியது அதே 1.6-உம் 1.8-உம்தான். ஆகவே டெல்டா–இரட்டை ஸ்டார் டாலண்டர் என்பது உறுதி.

ஆனால் நேற்றைய குறிப்பில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும். வளையம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதால், டெல்டாவின் மூலைகள் எந்த மூன்று, நடுமுனைகள் எந்த மூன்று என்பதை ஓம் மீட்டர் ஒருநாளும் சொல்லாது. மீட்டர் வரிசையைக் காட்டுமே தவிர அடையாளத்தைக் காட்டாது. பழைய சுவிட்சிலிருந்து கம்பிகளை இன்னும் வெட்டாமல் வைத்திருந்தால் அதுவே உங்கள் வரைபடம்: 2-ஆம் நிலையில் எந்த மூன்று முனைகளை சுவிட்ச் ஒன்றாகச் சேர்க்கிறதோ அவையே மூலைகள், எந்த மூன்றுக்கு லைனைக் கொடுக்கிறதோ அவையே நடுமுனைகள். கம்பியை வெட்டியாகிவிட்டது என்றால், மூடியைத் திறந்து, காயில் தலைப்பில் எது எதோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று காயில் கட்டுபவரைப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

இன்னொன்று. டெல்டாவில் ஓடும்போது வெறுமனே நிற்கும் மூன்று நடுமுனைகளிலும் மின்சாரம் உண்டு. பயன்படவில்லை என்று மூன்றையும் முறுக்கி ஒரே டேப்பில் சுற்றி வைத்தால் நீங்கள் அதை ஷார்ட் செய்திருக்கிறீர்கள். தனித்தனியே காப்பிட வேண்டும்.

20 அக்டோபர்

எந்த இணைப்பில் நிரந்தரமாகக் கட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் யோசிக்காமல் இரட்டை ஸ்டார் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தகட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் சொல்வேன்.

அதிக வேகத்தில் 3 எச்.பி., அதாவது 2.2 கிலோவாட், நிமிடத்துக்கு 1420 சுற்று. முறுக்கு விசை ஏறத்தாழ 15 நியூட்டன் மீட்டர். குறைந்த வேகத்தில் 2 எச்.பி., 1.5 கிலோவாட், 710 சுற்று. முறுக்கு விசை ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். அதாவது மெதுவாக ஓடும் டெல்டா இணைப்பு, குறைந்த ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு அதிக விசையைத் தருகிறது. இரும்பில் பெரிய விட்டத்தைக் கடைபவருக்கு இது சாதாரண வித்தியாசம் அல்ல. 415 வோல்ட் டிரைவ் வைத்திருப்பவர் டெல்டாவில் கட்டி, 50 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஓட்டலாம். ஆனால் 50-க்கு மேல் வோல்ட் ஏறாததால், மோட்டார் தாங்கும் உச்ச விசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். உச்ச விசை இயல்பு விசையைப் போல் இரு மடங்கு என்று வைத்தால், 75 ஹெர்ட்ஸில், அதாவது 1060 சுற்று அளவில், 1.5 கிலோவாட்டுக்கு வேண்டிய 13-க்கு எதிராகக் கையில் ஏறத்தாழ 18 நியூட்டன் மீட்டர் இருக்கும்; 100 ஹெர்ட்ஸில் வேண்டியதும் இருப்பதும் ஒன்றாகிவிடும், சிறிது அழுத்தினாலும் நின்றுவிடும். டெல்டாவில் கட்டினால் 75-ஐ எல்லையாக வைத்துக்கொள்வேன்.

தம்பிக்கு நிலைமை வேறு. சிங்கிள் பேஸ் 240 வோல்ட் டிரைவ் எவ்வளவு முயன்றாலும் 240-க்கு மேல் கொடுக்காது. 415 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்ற விகிதத்தைக் காப்பாற்றினால், 240 வோல்ட் தீர்ந்துபோவது 29 ஹெர்ட்ஸில். அதுவரை முழு விசையும் கிடைக்கும், அதற்குமேல் விசை குறையும். டெல்டாவில் இது 400 சுற்றுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. இரட்டை ஸ்டாரில் 790 சுற்று வரை 15 நியூட்டன் மீட்டரும், அதன்பின் 1420 வரை ஏறத்தாழ 1.2 கிலோவாட்டும் கிடைக்கும். சொப்பு சாமான் கடைவதற்கும் அரக்கு ஏற்றுவதற்கும் விசையைவிட வேகம்தான் தேவை. அரக்குக் குச்சி உராய்வுச் சூட்டில் உருக வேண்டுமானால் சிறிய உருப்படி நன்றாகச் சுற்ற வேண்டும். ஆகவே உங்களுக்கு இரட்டை ஸ்டார், 240 வோல்ட் டிரைவ். 3 எச்.பி. மோட்டாரிலிருந்து ஒன்றரை எச்.பி. சொச்சம்தான் வருகிறதே என்று வருந்த வேண்டாம். அந்தப் பட்டறையில் அதைச் செலவழிக்க உங்களிடம் மரம் இருக்காது.

டிரைவில் அடிப்படை அதிர்வெண் 50, மோட்டார் வோல்ட் 415 என்றே பதியுங்கள். சில டிரைவ் 240-க்கு மேல் எண்ணை ஏற்காது. அப்படியானால் 29 ஹெர்ட்ஸ், 240 வோல்ட் என்று பதிந்து, உச்ச அதிர்வெண்ணை 50 என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸ், 240 வோல்ட் என்று பதிவதுதான் எல்லோரும் செய்வது. அப்போது கீழ்வேகத்தில் மோட்டாருக்கு வேண்டியதில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட வோல்ட்தான் போகும், விசை மூன்றில் ஒன்றாகிவிடும்.

21 அக்டோபர்

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர், 3 எச்.பி. மோட்டாருக்கு 3 எச்.பி. டிரைவ்தானே வாங்க வேண்டும் என்று கேட்கிறார். தேவையில்லை. டிரைவை எச்.பி. பார்த்து வாங்காமல் ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். மோட்டார் கேட்பது 4.9 ஆம்பியர், 240 வோல்ட் வகையில் 1.5 கிலோவாட் டிரைவ் 7 ஆம்பியர் கொடுக்கும். அது போதும், மிச்சமும் இருக்கும்.

உள்ளே வரும் பக்கத்தில், சிங்கிள் பேஸ் லைனிலிருந்து முழு வேலையில் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்று எதிர்பார்த்துக் கம்பி போடுங்கள். விளக்கு சர்க்யூட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

22 அக்டோபர்

"காயிலைப் பிரித்து 240 வோல்ட்டுக்கே மாற்றிக் கட்ட முடியாதா?" முடியும். இரட்டை ஸ்டாரில் ஒவ்வோர் அரைக்காயிலுக்கும் 240 வோல்ட்தான் போகிறது. ஆறு அரைக்காயில்களின் பன்னிரண்டு முனைகளையும் வெளியே கொண்டுவந்து, திசை மாறாமல் இரண்டிரண்டாக இணைத்து, இணை டெல்டாவாகக் கட்டினால் 240 வோல்ட்டில் முழு 3 எச்.பி.யும் வரும். ஆனால் பழைய வார்னிஷ் கண்ணாடிபோல் நொறுங்கும் பருவத்தில் இருக்கும். நல்ல கைக்காரர் சூடாக்கிப் பொறுமையாகத் தோண்டினால் நடக்கும். அவசரக்காரர் தோண்டினால் முழுக் காயிலையும் புதிதாகக் கட்டிய செலவோடு வீட்டுக்கு வருவீர்கள். ஓடுகிற காயிலை நான் தொடமாட்டேன்.

2 நவம்பர்

குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகச் சுற்றுவதால் சூடாகும், 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே தனி விசிறி வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சாதாரண மோட்டாருக்கு அது நல்ல எச்சரிக்கை. இரட்டை வேக மோட்டாரிலோ தகடே நமக்குச் சாட்சி சொல்கிறது என்பது பின்னர்தான் எனக்குப் பட்டது.

710 சுற்றில், அதாவது விசிறி பாதி வேகத்தில் சுற்றும்போது, 4.6 ஆம்பியரைத் தொடர்ந்து இழுக்கலாம் என்று செய்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். டெல்டாவில் 4.6 என்றால் காயிலுக்குள் ஓடுவது 2.66. இரட்டை ஸ்டாரில் 4.9 என்றால் காயிலுக்குள் ஓடுவது 2.45. செம்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே இரட்டை ஸ்டாரில் 25 ஹெர்ட்ஸில் முழு ஆம்பியர் ஓட்டினாலும், அந்தச் சட்டகம் ஏற்கெனவே தாங்கிப் பழகியதைவிட 15 சதவீதம் குறைந்த செம்புச் சூடுதான். 25 ஹெர்ட்ஸ் வரை தனி விசிறி வேண்டாம். அதற்குக் கீழே நீண்ட நேரம் பாரத்தோடு ஓட்டப் போகிறீர்கள் என்றால் வையுங்கள், அல்லது பெல்ட்டை மோட்டார் பக்கத்தில் சிறிய புல்லிக்கு மாற்றுங்கள். டிரைவ் வந்ததும் பெல்ட் படிகளை மறந்துவிடுகிறார்கள். மெதுவான வேகத்தில் சக்தியைக் காப்பாற்றுவது இன்றும் பெல்ட்டும் பல்சக்கரமும்தான்.

டிரைவின் ஓவர்லோடு அமைப்பில் 4.9-ஐப் பதியுங்கள். பழைய மோட்டாருக்குள் சூடு பார்க்கும் தெர்மிஸ்டர் இருக்காது. கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடவேண்டாம்.

9 நவம்பர்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. காப்பு எதிர்ப்பைப் பற்றிப் பேச ஏற்ற காலம். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போவது மென்மையான அலை அல்ல, செங்குத்தாக ஏறி இறங்கும் துடிப்புகள். கேபிள் நீளமாக இருந்தால் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பி, டிசி வோல்ட்டைப் போல் இரு மடங்கு வரை எழும்பும். 415 வோல்ட் டிரைவில் டிசி 587 வோல்ட். இரு மடங்கு என்றால் 1170-க்கு மேல். 240 வோல்ட் டிரைவில் டிசி 339 வோல்ட். இரு மடங்கே ஆனாலும் 680-ஐத் தாண்டாது. 105 பாகை தாங்கும் ஏ வகுப்பு, 120 தாங்கும் ஈ வகுப்பு என்று கட்டப்பட்ட பழைய காயில்கள் இந்தத் துடிப்புகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே தம்பியின் சிங்கிள் பேஸ் ஒருவகையில் அந்த மோட்டாருக்கு நல்வாய்ப்பு. டிரைவை லேத்தின் பக்கத்திலேயே மாட்டி, கேபிளைச் சில மீட்டருக்குள் முடித்துக்கொண்டு, கேரியர் அதிர்வெண்ணை (டிரைவ் துடிப்புகளை வெட்டும் வேகம்) 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸுக்குள் வைத்தால் போதும். 415-இல் ஓட்டுபவர்கள் வெளியீட்டில் ஒரு சோக் வைப்பது நல்லது.

முதலில் காப்பு எதிர்ப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் பாருங்கள். டிரைவின் கம்பிகளைக் கழற்றிய பின்புதான் மெகர். மாட்டியிருக்கும்போது சுற்றினால் டிரைவ் போய்விடும். 1970-க்கு முன் கட்டிய காயிலுக்குப் பழைய விதி, கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மெகஓம், அதாவது இங்கே 1.4, அதற்குப் பிந்தைய இவ்வகைக் காயில்களுக்கு 5 மெகஓம். நான் டிரைவில் போடும் மோட்டாருக்கு எந்த ஆண்டானாலும் 5-க்குக் கீழே ஒத்துக்கொள்வதில்லை. ஆற்றங்கரைப் பட்டறைகளில் மழைக்காலத்தில் எண் இறங்குவது இயல்பு. பெட்டியில் வைத்து ஒரு குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்துங்கள். சூடேறும்போது மெகர் எண் முதலில் இன்னும் இறங்கும், பிறகுதான் ஏறும். இறங்கியதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

15 நவம்பர்

மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் இஎல்சிபி அடிக்கடி விழுகிறதாம். டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர் எர்த்துக்குச் சிறிது கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபிக்கு, கூட வேறு சாதனங்களும் இருந்தால், அது போதும். டிரைவுக்குத் தனி லைனும், டிரைவோடு ஒத்துப்போகும் வகை இஎல்சிபியும் வையுங்கள். எர்த் கம்பியைக் கழற்றுவது தீர்வு அல்ல. அப்படிச் செய்யச் சொன்னவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

24 டிசம்பர்

17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி இரு கரையிலும் பட்டறைகளுக்குள் புகுந்தது. தம்பியின் பட்டறை மேட்டில் இருந்ததால் தப்பியது. மூழ்கிய மோட்டார்களைப் பற்றிப் பலர் கேட்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

காய்ந்துவிட்டது போலத் தெரிகிறது என்று லைனைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வண்டல் உலர்ந்து காயிலுக்குள் தங்கினால் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பேரிங்கைக் கழற்றி மாற்றுங்கள். உலர்த்தி, மெகர் எண் ஏறி ஒரே இடத்தில் நிலைத்த பின்புதான் இணைப்பு. இரட்டைச் சுற்று மோட்டாரானால் ஒவ்வொரு சுற்றையும் எர்த்துக்கும், ஒன்றை மற்றதற்கும் பாருங்கள். இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே உள்ள காப்புத்தாள்தான் முதலில் நனைந்து ஊறும். மூழ்கிய டிரைவைக் காயவைத்து ஓட்டிப் பார்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

21 ஜனவரி 2024

பேட்டை தொழிற்பேட்டையிலிருந்து ஒரு நண்பர், தன் மில்லிங் மெஷினில் 1420/940 என்று இரண்டு தனிச் சுற்றுகள் இருப்பதாகவும், திரீ பேஸ் இருப்பதாகவும், இரண்டு சுற்றையுமே பயன்படுத்த விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். நான்கு துருவச் சுற்றை மட்டும் டிரைவில் கொடுத்து, மற்றதைத் திறந்து வைத்துவிடுவதுதான் சுருக்கமான வழி. திறந்து கிடக்கும் சுற்றிலும் வோல்ட் தூண்டப்படும் என்பதை மறக்க வேண்டாம், முனைகளைக் காப்பிட வேண்டும்.

இரண்டும் வேண்டுமென்றே தீர்மானித்தால், ஒன்றையொன்று பூட்டும் இரண்டு கான்டாக்டர்கள், டிரைவ் முழுதாக நின்று வெளியீடு அணைந்த பின்புதான் மாறும்படி ஓர் ஏற்பாடு, டிரைவுக்குள் இரண்டு மோட்டார்களின் தகட்டு எண்கள் தனித்தனியே பதியும் வசதி, இத்தனையும் வேண்டும். குறைந்த வேகத்தில் கனமான வெட்டு தினமும் எடுப்பவருக்கு இது தகும். மற்றவர்களுக்கு, கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் கூடியதுதான் மிச்சம்.

பேச்சு இரண்டு சுற்றுக்கு வந்துவிட்டதால் ஒன்று. கயத்தாறு, பணகுடி, முப்பந்தல் பக்கம் 1990-களில் நிறுத்திய பழைய காற்றாலைகளில் பலவற்றின் தலைக்குள் இருப்பதும் இதே இனம்தான். 225/50 கிலோவாட் வகையில், மெல்லிய காற்றுக்கு எட்டு துருவச் சுற்று 750-ஐ ஒட்டியும், காற்று வலுத்ததும் ஆறு துருவச் சுற்று 1000-ஐ ஒட்டியும் மின்சாரம் தரும். பின்னால் வந்த பெரிய காற்றாலைகளில் மின்னணு மாற்றி நுழைந்து அந்த இரண்டாம் சுற்றுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. உங்கள் லேத்தில் இப்போது நடப்பதும் அதுதான், அளவு மட்டும் சிறியது.

11 பிப்ரவரி

லேத் ஓடுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். இரட்டை ஸ்டார், 1.5 கிலோவாட் 240 வோல்ட் டிரைவ். கம்பியைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் டங் டெஸ்டரில் மரக்கடைசலின்போது 3 ஆம்பியரை ஒட்டியே நிற்கிறதாம்; அதில் பெரும்பகுதி காந்தமேற்றும் மின்னோட்டம், வேலை செய்யும் பங்கு கொஞ்சம்தான்.

சக்கை மாட்டி ஓட்டி, நிறுத்தும் நேரத்தை 1 நொடியாக வைத்தால் ஓவர்வோல்டேஜ் என்று டிரிப் ஆகிறது என்கிறார். கனமான சக் தன் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது, டிரைவுக்கு அதைக் கொட்ட இடமில்லை. பிரேக் ரெசிஸ்டர் வைத்தால் சீக்கிரம் நிற்கும். வைக்கும் முன் உங்கள் சக் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிண்டிலில் மரையால் திருகும் வகையானால், திடீரென்று நிறுத்தும்போது ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் நிற்காமல் மரையைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும். அது காலில் விழுந்தால் காலோடு போகும், மேலே பறந்தால் அதைவிட மோசம். அந்த லேத்துக்கு நிறுத்தும் நேரம் 5 நொடிக்குக் குறைய வேண்டாம். ஓட்டத்தில் நேராக ரிவர்ஸ் போகாதபடி டிரைவிலேயே தடுத்துவிடுங்கள். ரெசிஸ்டருக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

13 பிப்ரவரி

2 கிலோ ஹெர்ட்ஸில் மோட்டார் கீச்சென்று கத்துகிறது, வீட்டில் சண்டை என்கிறார். 4-க்கு ஏற்றிப் பாருங்கள். 8-க்கு ஏற்றினால் சத்தம் இன்னும் குறையும். டிரைவ் சூடாகும், பழைய காயிலுக்கும் துடிப்பு அதிகம் விழும். 4-இல் சமாதானம் ஆகவில்லையென்றால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

3 மார்ச்

மரத்தூள். கடைசல் பட்டறையில் டிரைவின் விசிறி தூளை இழுத்து அலுமினியத் துடுப்புகளுக்கு நடுவே அடைத்துவிடும். அரக்குப் புகையோடு சேர்ந்தால் அது பசைபோல் ஒட்டும். டிரைவை லேத்துக்குப் பின்னால் அல்லாமல், தூள் தெறிக்காத பக்கச் சுவரில், ஃபில்டர் துணி வைத்த இரும்புப் பெட்டியில் மாட்டுங்கள். சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்து, கையேட்டில் சொல்லியிருக்கும் அளவு, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அணைத்த பின்னும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

முனைப்பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில், எந்த மூன்று கம்பிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, எவற்றுக்கு டிரைவ் வருகிறது, டிரைவில் பதிந்த வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் என்ன என்று அழியாத பேனாவால் எழுதி வையுங்கள். திரீ பேஸ் எப்போது கிடைத்தாலும், 240 வோல்ட் டிரைவைக் கழற்றி 415-ஐ மாட்டுபவர் முதலில் தேடுவது அதைத்தான்.